எதற்கு இரண்டு செல்பேசி?

தமிழ்ச் சிற்றிதழ்களில் செல்பேசி எப்போது தலைகாட்டினாலும் குற்றவாளிக் கூண்டில் நின்றபடியேதான் தலைகாட்டுகிறது. வாசிப்பைக் கெடுத்தது, உரையாடலைக் கெடுத்தது, கடிதம் எழுதும் பழக்கத்தை ஒழித்தது என்று அதன்மீது சாட்டப்படும் குற்றங்கள் நாம் அறிந்தவையே. ஒரு செல்பேசிக்கே இந்தப் பாடு என்றால், சட்டைப்பையில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் அவர் நிலத்தரகர், வட்டிக்கு விடுபவர், அல்லது மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு குடித்தனம் நடத்துபவர். இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில், "ஒரே நேரத்தில் ரெண்டு போன் பார்க்கிறவர் எங்கே சார் புத்தகம் படிக்கப் போகிறார்?" என்று நண்பர்கள் சிலர் அலுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறோம்.

இந்த அலுப்பில் எங்களுக்கு உடன்பாடில்லை. மதுரையின் தெற்கே வில்லாபுரத்தில் வாழ்பவர்கள் நாங்கள். இரண்டு மூன்று செல்பேசிகளை ஒருசேரப் புழங்குவோரை எங்கள் தெருக்களில் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் வசதி பெருகி இரண்டாவது செல்பேசி வாங்கியவர்கள் அல்லர். நம்பத்தகாத ஓர் ஏற்பாட்டுக்கு எதிராகத் தங்களால் முடிந்த தற்காப்பைச் செய்துகொண்டவர்கள். பெண்களைப் பொறுத்தவரை அதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம். அந்தத் தற்காப்பின் விலை ஆண்டுக்காண்டு ஏறிவரும்போது, எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களுமாகிய நாம் அதைக் கவனச் சிதறல் என்று எள்ளிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை.

வில்லாபுரத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நகருக்குள்ளிருந்து விமான நிலையம் போகிறவர்கள் அவனியாபுரத்துக்கு முன்னால் கடந்து போகும் பகுதி இது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, புதுநகர், மீனாட்சி நகர், வெற்றி திரையரங்கம். நெசவாளர்கள், கட்டட வேலைக்குப் போவோர், ஆட்டோ ஓட்டுவோர், வீட்டில் தையல் எந்திரம் போட்டிருக்கும் பெண்கள் நிறைந்த ஊர். இலக்கியத்தில் இதற்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் ஒருமுறை கிடைத்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி, கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண், இப்பகுதிக்குக் குடிநீர் கொண்டுவரப் பாடுபட்டவர், 1997 ஏப்ரல் 23 அன்று இங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது பிடிக்கவில்லை.

செல்பேசியைப் பற்றிப் பேசும் இடத்தில் தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். தண்ணீர் எங்கள் மக்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. குடிக்க மாநகராட்சிக் குழாய், புழங்க ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர், இரண்டும் பொய்த்த நாளில் லாரி, இப்போது கேன். எந்த ஒன்றையும் முழுதாக நம்பியிருக்கும் வீடு இங்கே கிடையாது. குடத்தின் நிறத்தைப் பார்த்தே அதற்குள் எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிடும் பெண்கள் இவர்கள். செல்பேசி வந்தபோது அதையும் அவர்கள் குழாயைப் போலவே நடத்தினார்கள். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று.

நின்றுபோகும் என்று அவர்கள் எதிர்பார்த்தது வீண்போகவில்லை. 1995 ஜூலை 31 அன்று ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அன்று அழைப்பவர், அழைக்கப்படுபவர் இருவருமே காசு கொடுக்க வேண்டும். வருகிற அழைப்பு இலவசம் என்ற நிலை 2003 மே மாதம்தான் வந்தது. அதன்பிறகே வில்லாபுரம் போன்ற இடங்களுக்குள் செல்பேசி உண்மையில் நுழைந்தது. கூடவே 'மிஸ்டு கால்' என்ற மொழியும் நுழைந்தது. ஒரு மணி அடித்தால் கிளம்பிவிட்டேன், இரண்டு அடித்தால் திருப்பிக் கூப்பிடு. ஆப்பிரிக்காவிலும் இதே வழக்கம் உண்டென்பதையும், பணம் உள்ளவரே திருப்பி அழைக்க வேண்டும் என்பது அங்கும் எழுதப்படாத விதி என்பதையும் ருவாண்டாவை முன்வைத்து ஜொனாதன் டோனர் 2007-ல் ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார். எந்தப் பள்ளியும் சொல்லித்தராமல் இரண்டு கண்டங்களின் ஏழைகள் ஒரே இலக்கணத்தைக் கண்டடைந்தார்கள்.

2009-ல் டாட்டா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று அறிவித்ததும் விலைப்போர் மூண்டது. ஒரு நிறுவனத்தில் இரவு அழைப்பு மலிவு, இன்னொன்றில் அதே நிறுவன எண்களுக்கு மலிவு, மற்றொன்றில் குறுஞ்செய்தி இலவசம். எனவே சிம் அட்டையைக் கழற்றி மாட்டும் காலம் ஒன்று இருந்தது. சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சிம். மாட்டுவதற்கு முன் பொட்டு ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வார்கள். பிறகு இரண்டு சிம் போடும் சீனத்துச் செல்பேசிகள் வந்தன. நான்கு ஒலிபெருக்கிகளோடு அவை எழுப்பிய ஓசையை இன்று நினைத்தாலும் காது அடைக்கிறது. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் உலகின் மிகப்பெரிய செல்பேசி ஆலைகளில் ஒன்றை நடத்திய நோக்கியா, இரண்டு சிம் கருவியை 2010 ஜூனில்தான் அறிவித்தது. ஆலைக்கு வெளியே தேநீர்க் கடையில் நின்றிருந்தவரைக் கேட்டிருந்தால் சில ஆண்டுகள் முன்பே சொல்லியிருப்பார். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. மூடியதற்குக் காரணங்கள் வேறு, வரி வழக்கும் அவற்றில் ஒன்று. இருந்தாலும் வாடிக்கையாளரின் சட்டைப்பையைப் பார்க்கத் தவறியதையும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

ஒரே குழாயை நம்பியவர்களுக்குப் பாடம் 2018 பிப்ரவரியில் கிடைத்தது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி இங்கேயே வேரூன்றிய ஏர்செல், கடனில் மூழ்கி, ஒருநாள் திடீரென்று ஊமையானது. மாநிலமெங்கும் அதன் அலுவலகங்களின் முன் கூட்டம். வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்; ஆனால் அதற்கு அந்தச் சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், சிம்மிலோ சிக்னல் இல்லை. அந்த வாரத்தில் இரண்டாவது எண் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். வைத்திராதவர்கள் அடுத்த மாதமே ஒன்று வாங்கினார்கள். 'ரெண்டு எதற்கு' என்ற கேள்வி எங்கள் தெருவில் அன்றைக்குப் பின் வெகுவாகக் குறைந்துவிட்டது; ஆண்களிடம் கேட்கப்படுவதைச் சொல்கிறோம்.

ஒரே கருவியில் இரண்டு சிம் போடலாமே, கருவியே இரண்டு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, யார் எதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஆட்டோ ஓட்டுநரின் கைப்பிடிக்கு அருகே இரண்டு செல்பேசிகள் பூட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சவாரிச் செயலிகள். ஒரே கருவியில் இரண்டையும் திறந்துவைத்தால் ஒன்று மற்றதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. வந்த சவாரி காதில் விழாமல் போய்விடுகிறது. மூன்றாவதாக மடியில் ஒரு பட்டன் போன். அது வீட்டுக்கு. வெயிலில் சூடேறி டச் போன் இரண்டும் அணைந்தாலும் பட்டன் போன் அணையாது; ஒருமுறை மின்னேற்றினால் சில நாட்கள் நிற்கும். மகளுக்குக் காய்ச்சல் என்றால் அந்த மணிதான் அடிக்கும். ஓட்டும்போது மூன்றையும் பார்ப்பது ஆபத்து என்பதை நாங்கள் மறுக்கவில்லை, அதில் பயணம் செய்து பயந்தவர்கள்தாம் நாங்களும். ஆனால் அந்த ஆபத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர் மட்டும் அல்லர். ஒரு செயலியில் கிடைக்கும் வருமானம் ஒரு குடும்பத்துக்குப் போதாமல் இருப்பதும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அவனியாபுரம் தாண்டி அருப்புக்கோட்டைச் சாலைப் பக்கம் மல்லிகை பயிரிடுகிறவர்கள் இன்னொரு வகை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலை, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலையில் ஒன்று, வெயில் ஏறியதும் ஒன்று. பறித்த பூ காத்திருக்காது. எனவே ஒரு காதில் ஒரு கமிஷன் கடை, இன்னொரு காதில் இன்னொரு கமிஷன் கடை. கடைக்காரரிடமும் இரண்டு உண்டு: விவசாயிக்கு ஓர் எண், வெளியூர்க் கொள்முதலுக்கு ஓர் எண். ஒரு எண்ணில் சொன்ன விலை மற்ற எண்ணுக்குத் தெரியக் கூடாது. இது சூதல்லவா என்று கேட்டால், துண்டால் கையை மூடி விரலைப் பிடித்து விலை பேசிய மாட்டுச்சந்தை ஊர்க்காரர்கள் நாம் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கும்.

மளிகைக் கடையில் யூபிஐ பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு சிம் உண்டு. அதன் செய்தி போய்ச் சேரும் செல்பேசி வீட்டில் மனைவி கையில். கடையில் நிற்கும் கணவரிடம் பழைய பட்டன் போன். ஆக ஒரு வியாபாரத்துக்கு மூன்று கருவிகள், அவற்றில் ஒன்று பேச மட்டும் செய்யும், ஒன்று கேட்க மட்டும் செய்யும்.

வீடுகளுக்குள் போனால் கணக்கு இன்னும் குழம்புகிறது. நடுத்தர வர்க்கத்துக்கு ஆள், எண், கருவி மூன்றும் ஒன்று. இவருடைய எண் என்றால் இவருடைய கருவி, எடுப்பவர் இவர். வில்லாபுரத்தில் மூன்றும் தனித்தனியே உலவுகின்றன. 'அம்மா நம்பர்' மகளின் கையில் உள்ள டச் போனில் இருக்கிறது, ஏனெனில் பள்ளிக்கூட வாட்ஸப் குழு அந்த எண்ணில்தான் உள்ளது. அம்மாவிடம் இருப்பது அண்ணன் வேலைக்குச் சேர்ந்தபோது விட்டுச்சென்ற எண். வங்கிக் கணக்கோடு இணைந்த எண் வேறொரு பட்டன் போனில் அரிசிப் பானைக்கு மேலுள்ள தட்டில் கிடக்கிறது. ஓடிபி வர வேண்டிய நாளில் மட்டும் உயிர்பெறும். கண்ணாடி விரிசல் விட்ட பழைய டச் போன் ஒன்று சிம்மே இல்லாமல் தம்பியிடம் இருக்கிறது. 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டு, ஒரே செல்பேசிக்கு மூன்று பிள்ளைகள் மல்லுக்கட்டிய மாதங்களில் பழைய விலைக்கு வாங்கியது அது. யாரைப் பிடிக்க எந்த எண்ணை எந்த நேரத்தில் அழைக்க வேண்டும் என்பது கதவுக்குப் பின்னால் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். வந்த செய்தி ஆளுக்கு ஆள் கைமாறித்தான் உரியவரை அடையும்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்தக் கைமாற்றம் புதிதாக இருக்கக் கூடாது. சிலப்பதிகாரத்தில் மதுரை வரும் வழியில் கோவலனைக் கண்டு மாதவியின் இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் கொடுக்கிறான். முதல் கடிதம் வசந்தமாலை வழியே போய் ஏற்கப்படாமல் திரும்பியிருந்தது. இரண்டாவதைப் படித்த கோவலன், இந்தச் சொற்கள் தன் பெற்றோருக்கும் பொருந்துவன என்று சொல்லி அதே ஓலையை அவர்களிடம் சேர்க்கும்படி கோசிகனிடமே கொடுத்தனுப்புகிறான். காதலி எழுதியது பெற்றோருக்குப் போய்ச் சேருகிறது. ஒரு வழி அடைபட்டால் மறு வழி, ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு. நம் சிற்றிலக்கியங்களில் தூது விடுவதற்கு அன்னம், கிளி, மேகம், தென்றல் என்று பத்துப் பொருள்களை வகுத்திருந்தார்கள். மதுரைச் சொக்கநாதருக்குத் தமிழையே தூதனுப்பிய நூலும் உண்டு. பல வழிகளை ஒருசேர வைத்திருக்கும் மனத்தை நம் மரபு சிதறிய மனம் என்று ஏசியதாக நாங்கள் படித்ததில்லை.

இனி, பின்னால் சொல்கிறோம் என்ற விஷயத்துக்கு வருகிறோம்.

சிறுவாடு என்ற சொல்லை இளைய வாசகர்கள் சிலர் மறந்திருக்கக் கூடும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, கணவருக்குத் தெரியாமல், அஞ்சறைப்பெட்டியின் அடியிலோ அரிசிப் பானையிலோ பெண்கள் சேர்த்துவைக்கும் காசு. திருட்டுக் காசு என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மகள் பிரசவத்துக்கோ, மருத்துவமனைக்கோ, அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறவோ உதவும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் பெண்களின் சிறுவாடு வெளிச்சத்துக்கு வந்தது. மாற்ற வேண்டுமென்றால் கணவரிடம் கொடுத்தாக வேண்டும். அன்று சில வீடுகளில் நடந்த விசாரணைகளை நாங்கள் அறிவோம்.

எங்கள் பகுதியின் பெண்கள் பலருக்கு இரண்டாவது செல்பேசி ஒரு சிறுவாடு. கணவரும் மாமியாரும் பிள்ளைகளும் எடுத்துப் பேசும் எண் ஒன்று. தையலுக்குத் துணி கொடுப்பவரும் குழுக் கடன்காரரும் உடன்பிறந்தவளும் மட்டுமே அறிந்த எண் இன்னொன்று. பட்டன் போன் சுருக்குப் பைக்குள் அடங்கும். மணியை நிறுத்திவைத்தால் நடுக்கம் மட்டும் இடுப்பில் தெரியும். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாய் தன் கணக்கில் விழுந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி யாருடைய கருவிக்கு வருகிறது என்பது சில வீடுகளில் சாதாரண விஷயம் அல்ல. கணவரின் செல்பேசிக்கு வந்தால் அது கணவருக்கு வந்த பணமாகிவிடுகிறது. தனக்கென ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் எழுதுகிற பெண்ணுக்கு வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் சொன்னதை நாம் மொழிபெயர்த்தும் மேற்கோள் காட்டியும் களித்திருக்கிறோம். ஓர் அறையும் ஒரு சமையல்கட்டுமே வீடாக உள்ள இடத்தில் தனி அறைக்கு எங்கே போவது? பத்து இலக்க எண் ஒன்றுதான் கிடைக்கிறது.

அதைப் பார்த்துவிட்டால் கேள்வி வந்துவிடும். "எதுக்குத்தா ஒனக்கு ரெண்டு போனு?" ஆட்டோக்காரரிடம் இதே கேள்வி பாராட்டாகக் கேட்கப்படுகிறது: "என்னண்ணே, பெரிய ஆளாயிட்டீங்க." பெண்ணிடம் கேட்கும்போது அதன் அடியில் ஒரு கத்தி இருக்கிறது. 2019-ல் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் ஒரு சமூகத்தினர் மணமாகாத பெண்கள் செல்பேசி வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது செய்தியானது. எங்கள் ஊரில் அப்படிக் கூடித் தீர்மானம் போட வேண்டிய அவசியமே இல்லை; தெருமுனையில் கேட்கப்படும் அந்த ஒரு கேள்வி அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டாவது செல்பேசி வழியே கடன் செயலியும் ஏமாற்றும் வருவதுண்டு, ஆண்கள் மறைப்பதற்கும் அதே கருவிதான் உதவுகிறது, எல்லாம் உண்மையே. சிறுவாட்டுக் காசிலும் சீட்டு ஏமாந்தவர்கள் இருந்தார்கள். அதற்காகப் பெண்கள் காசே வைத்திருக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

இந்தச் சிறுவாட்டைத்தான் இப்போது விலை அரித்துக்கொண்டிருக்கிறது. 2005 இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் 'வாழ்நாள்' செல்லுபடியாகும் சிம் என்று 999 ரூபாய்க்கு விற்றார்கள். பட்டியலில் இருந்த வாழ்நாள் யாருடையது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, சிறு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, போட்டி ஒடுங்கிய பின், 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் புதிய விதி கொண்டுவந்தன: வருகிற அழைப்பு தொடர வேண்டுமானால் மாதம் குறைந்தது 35 ரூபாய். சும்மா கிடந்த இரண்டாவது சிம்களைக் குறிவைத்த விதி அது, அப்படியே கோடிக்கணக்கான இணைப்புகள் உதிர்ந்தன. 2024 ஜூலை ஏற்றத்துக்குப் பின் ஏர்டெல்லில் 28 நாள் திட்டத்தின் குறைந்த விலை 199 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை. ஓர் எண்ணை உயிரோடு வைக்க 2,587 ரூபாய். இரண்டு என்றால் 5,174. அதில் இணையமும் அடக்கம் என்பார்கள். பட்டன் போனில் இணையத்தை வைத்து என்ன செய்வது?

2024 டிசம்பர் 23 அன்று டிராய் ஒழுங்குமுறையைத் திருத்தி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் தரப்பட வேண்டும் என்றது. வரவேற்கத்தக்கது. 2025 ஜனவரியில் அத்தகைய திட்டங்கள் வந்தன. ஆனால் 84 நாளுக்கு என்றும் ஓராண்டுக்கு என்றும் மொத்தமாக. 84 நாளுக்கு ஏறத்தாழ 450 ரூபாயை ஒரே தடவையில் சனிக்கிழமைக் கூலியிலிருந்து எடுத்துவைப்பது எப்படி என்பதை அந்தத் திட்டம் வகுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். எண்ணெயையும் சர்க்கரையையும் பொட்டலமாக வாங்கும் வீட்டுக்கு மொத்த விலைச் சலுகையால் பயனில்லை.

எண் செத்தால் என்ன, வேறு வாங்கிக்கொள்ளலாமே என்பது இன்னொரு எளிய பதில். நிறுத்தப்பட்ட எண்ணைத் தொண்ணூறு நாட்கள் வரை வேறொருவருக்கு ஒதுக்குவதில்லை என்று டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதாவது அதன்பிறகு ஒதுக்கலாம். வங்கியிலும் ஆதாரிலும் எரிவாயு இணைப்பிலும் இன்னும் அந்தப் பழைய எண்தான் இருக்கும். ஓடிபி யாரோ ஒரு அந்நியரின் கருவிக்குப் போகும். பாட்டியின் பேரில் இருந்த எண் ஒன்று இப்படிப் போனதற்காக, அதை மாற்ற ஒரு வங்கிக் கிளைக்கு நாலு நடை நடந்த குடும்பத்தை எங்களுக்குத் தெரியும்.

அரசுக்கும் பல எண்கள் வைத்திருப்போர்மீது ஒரு கண். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகளுக்கு மேல் கூடாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதை மீறுவோருக்கு முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. இதில் எங்களுக்குப் பெரிய மறுப்பில்லை. சாலையோரக் குடைக்கடையில் கைரேகை வைத்தவர் பெயரில் அவர் அறியாமலே வேறு சிம்கள் கிளம்பியதும், அவற்றை வைத்து ஊரை ஏமாற்றியதும் நடந்தவையே. 2024 ஜூனில் எண் ஒதுக்கீடு பற்றிய டிராயின் கலந்தாய்வு அறிக்கை வெளியானதும், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் வைத்திருப்போரிடம் கட்டணம் வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவி, டிராயே அது பொய் என்று மறுக்க வேண்டி வந்தது. செய்தி பொய்தான், ஆனால் அதை எல்லோரும் உடனே நம்பியதைக் கவனிக்க வேண்டும். 28 நாள் கணக்கில் அந்தக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நம்ப முடியாத செய்தியாகப் படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, பதிவுசெய்த சிம் கருவிக்குள் இருந்தால்தான் செய்திச் செயலி இயங்க வேண்டும் என்று அந்நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மோசடிக்காரர்களை மனத்தில் வைத்து எழுதிய உத்தரவு. சிம் இல்லாத விரிசல் விட்ட கருவியில், அக்காவின் இணைப்பைக் கடன் வாங்கி, வாட்ஸப்பில் வீட்டுப்பாடம் பார்க்கும் தம்பி அவர்கள் மனத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

நம் புனைகதையாளர்கள் மனத்திலும் அவன் இல்லை. மதுரையின் ஒதுக்குப்புற வாழ்வை ஜி. நாகராஜன் 1974-ல் 'நாளை மற்றுமொரு நாளே' என்று ஒரே நாளின் கதையாக எழுதினார். அந்தக் கந்தன் இன்றைக்கு நடமாடினால் அவன் மடியில் எத்தனை எண்கள் இருக்கும், எதை யாருக்குக் கொடுத்திருப்பான், எந்த மணிக்கு எழுந்து வெளியே போவான் என்று யோசித்தாலே ஒரு நாவலுக்கான தகவல் இருக்கிறது. ஆனால் இப்போது வருகிற கதைகளில் செல்பேசி 'சிணுங்குகிறது', கதாபாத்திரம் எடுக்கிறது, செய்தி தெரிகிறது. எந்தச் செல்பேசி, யார் பெயரிலுள்ள எண், எடுத்தவர் உரியவரா என்ற கேள்விகள் ஆசிரியருக்கு எழுவதில்லை. எழுதுகிறவர்களிடமும் ஆள், எண், கருவி மூன்றும் ஒன்றாக இருப்பதால் மற்றவர்களிடமும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம் போலிருக்கிறது.

எங்கள் தெருமுனையில் ரீசார்ஜ் செய்துகொடுக்கும் சிறு கடை ஒன்று இருக்கிறது. செயலியிலேயே செய்துகொள்ளலாம் என்றாகிய பின்னும் அந்தக் கடைக்குப் பெண்கள் வருகிறார்கள். செயலியில் செய்தால் கணவரின் வங்கிக் கணக்கில் பதிவாகிவிடும், கடையில் ரொக்கம் கொடுத்தால் எங்கும் பதிவாகாது. கடைக்காரர் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில் எண்களை மட்டும் எழுதிவைத்திருக்கிறார். பெயர் கிடையாது. சென்ற வாரம் ஓர் அக்கா வந்து, வியாழக்கிழமை முடிகிறது தம்பி, சனிக்கிழமை கூலி வந்ததும் தருகிறேன், இப்போதே போட்டுவிடு என்றார். அவர் எண்ணைச் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, "சின்ன போனுக்குத்தானேக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டுக்கொடுத்தார்.